நிழலே வா, நீ இட்லி தா

அந்த இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் யாரையும் உட்கார விடுவதாக ஜெபாவுக்கு எண்ணமில்லை.

ஜி பதினொன்று அவளுடையது. ஜி பன்னிரண்டுக்கும் அவளேதான் டிக்கெட் எடுத்திருந்தாள். அதன்மேல் கைப்பையையும் நனைந்த துப்பட்டாவையும் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அக்டோபர் மழை. தியேட்டரின் தகரக் கூரையில் யாரோ சரளைக்கல்லை அள்ளி அள்ளிக் கொட்டுவதுபோல ஓயாத சத்தம்...

கும்மிடிப்பூண்டியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி நிரம்பி அவள் பார்த்ததே இல்லை. இன்று நிரம்பியிருந்தது. அதுவும் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு கார்ட்டூன் படத்துக்கு. ‘நிழல் இளவரசி’ என்று எங்கோ வெளிநாட்டில் எடுத்து, தமிழில் பேசவும் பாடவும் வைத்த படம். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் இளவரசிக்கு நிழல் இல்லை. நீ செய்த தப்பால்தான் நிழல் போனது என்று அரண்மனையே அவளைப் பழிக்கிறது. அவள் பாடிக்கொண்டே நிழலைத் தேடிப் போகிறாள். கதை அவ்வளவுதான். அன்று குழந்தைகளாக இருந்து பார்த்தவர்கள் இன்று தங்கள் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். சிப்காட்டில் இரவு வேலை முடிந்து, தூங்காத கண்களோடு பிள்ளையை மடியில் வைத்திருந்த அப்பாக்கள் இருந்தார்கள். தமிழே தெரியாத ஒடியாக் குடும்பம் ஒன்று முன் வரிசையில் இருந்தது. அந்த வீட்டுச் சின்னப் பெண் முதல் பாட்டுக்கே எழுந்து ஆடினாள்.

“ஏங்க... இந்த சீட்டுக்கு ஆள் வருதா?”

ஜெபா திரும்பினாள். ஜி பதின்மூன்றில் ஒருவன் இருந்தான். முப்பதை ஒட்டிய வயது. மழையில் நெற்றியோடு ஒட்டிக்கொண்ட முடி. மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை.

“வருது” என்றாள்.

பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது.

“வர்றவரு எங்க வந்துக்கினு கீறாரு? எளாவூர் செக்போஸ்ட்ல மாட்டிக்கினாரா?”

வேறு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்று சுருக்கென்று கோபம் வந்தது.

“டிக்கெட் எடுத்தது நானு. உங்களுக்கு இன்னா பேஜாரு?”

“கோச்சிக்காதீங்க. கொழந்த சீட்டு மேல தண்ணி சொட்டுது, பாருங்க. அவரு வர்ற வரைக்கும் உட்காரட்டும். வந்துட்டா தூக்கிக்கிறேன்.”

ஜி பதினான்கின் மேல் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். வந்துட்டா...

அந்த இருக்கை அவள் அண்ணன் ராபினுக்கு. அவன் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தப் படம் திரும்பத் தியேட்டருக்கு வந்தால் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன். படம் வந்துவிட்டது.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை தாவி உட்கார்ந்தது. அவன் நன்றி சொல்ல முகத்தைத் திருப்பினான். திரையின் நீல ஒளி அவன் கண்களில் விழுந்தது. சிரிக்கத் தெரிந்த கண்கள்... ஆனால் சிரித்து வெகுநாள் ஆன கண்கள். ஏனோ அவள் சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது. ஆற்றங்கரையில் நின்று இளவரசி நிழலை அழைக்கிற பாட்டு. ‘நிழலே வா, நித்திலம் தா...’ தியேட்டரே கூடச் சேர்ந்து பாடியது. பக்கத்துக் குழந்தையும் தொண்டையைத் திறந்து பாடியது.

“நிழலே வா... நீ இட்லி தா...”

ஜெபா சட்டென்று குழந்தையின் பக்கம் திரும்பினாள்.

நித்திலம் என்றால் முத்து என்று பள்ளியில் படிக்க அவளுக்கு எத்தனையோ வருடம் ஆயிற்று. அதற்குமுன், பக்கத்து ஊர் ஆரணிச் சந்தையில் அப்பா வாங்கி வந்த சிடியை வீட்டில் நூறு முறை போட்டுப் பார்த்த காலத்தில், அது ‘நீ இட்லி தா’ என்றுதான் ராபின் காதில் விழுந்தது. நிழல் எதற்கடா இட்லி தரணும் என்று அம்மா கேட்டதற்கு, இளவரசிக்குப் பசிக்குது இல்ல, ரொம்ப தூரம் தேடிப் போகணுமே என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் பாட்டு. உலகத்தில் இரண்டே இரண்டு பேர் பாடிய பாட்டு...

அவள் குனிந்து குழந்தையைக் கேட்டாள். “யாரும்மா உனக்கு இப்படிப் பாட சொல்லிக் குடுத்தாங்க?”

“ராபின் மாமா” என்றது குழந்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதோ, எங்க மாமாவோட பிரெண்டு. போன்ல பாடுவாரு. இப்ப பாடறதில்ல.”

ஜெபா நிமிர்ந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க ராபினுக்கு...” என்று அவன் தொடங்க, “தங்கச்சி” என்று அவள் முடித்தாள்.

அவன் முகத்தில் இரத்தம் வற்றியதை அந்த அரை இருட்டிலும் அவளால் பார்க்க முடிந்தது. இறந்த நண்பனின் நினைவு என்றுதான் அவள் நினைத்தாள். இடைவேளைக்குப் பிறகு, படம் முடிய அரைமணி இருக்கும்போதே அவன் எழுந்துவிட்டான். அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அதே காட்சிக்கு ஜெபா மீண்டும் போனாள். படத்துக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசலில் அவன் நின்றிருந்தான். உள்ளே போகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

பெயர் வசந்தகுமார் என்றான். ஆரணிப் பக்கம் கிராமம். வீட்டில் நெல் விவசாயம். அக்கா கல்பனா கணவனை இழந்து மகள் ஸ்நேகாவோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். நிலம் நாலு வயிற்றுக்குப் போதவில்லை என்று இவன் இரும்பு ஆலைக்கு வேலைக்கு வந்தான். ராபினும் அவனும் ஒரே ஷிப்ட். பசியெடுக்கும்போதெல்லாம் ராபின் அந்த இட்லிப் பாட்டைத்தான் பாடுவானாம். சாப்பிட அடம்பிடிக்கும் ஸ்நேகாவுக்குப் போனில் பாடிக் காட்டுவானாம். இளவரசியின் கதையையும் பாதி பாதியாகச் சொல்லி, மீதி நாளைக்கு என்று நிறுத்திவிடுவானாம்.

ஜெபா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊற ஊற நீர் இறைப்பதுபோல் கேட்டாள். அவள் வீட்டில் ராபினின் பெயரை யாரும் சொல்வதில்லை.

காரணம் அவள் அப்பா பாக்கியநாதன். வேறோர் ஆலையில் இருபத்தாறு வருடம் இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் பட்டறையில் நின்றவர். ஒரு விரல்கூடப் போகாமல் வேலையை முடித்து வெளியே வந்தவர். அதுதான் அவருடைய ஒரே பெருமை. அவர் மகன் போனில் பேசிக்கொண்டே, தலையில் ஹெல்மெட் இல்லாமல், தொங்கிய சுமைக்கு அடியில் போய் நின்றான் என்று கம்பெனி அறிக்கை சொன்னது. அதைப் படித்த அன்று அவர் அழவில்லை. கவனமில்லாத நாய், என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு சரி. சுவரில் ராபின் படம் ஏறவில்லை. அவனுக்காக மாதா கோயிலில் பூசை சொல்லவும் விடவில்லை. அம்மா ஞானம்மா அடுப்படியில் புகைக்குள் அழுவாள். ஜெபா தான் வேலை செய்யும் வயர் கம்பெனியின் பரிசோதனை மேசையில், பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அழுவாள்.

அதனால் வசந்தகுமார் அவளுக்குக் கிடைத்த பெரிய கொடையாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் சந்தித்தார்கள். ஒரு முறை ஸ்நேகாவும் வந்தாள். இளவரசியின் பின்னலைப் போலவே எனக்கும் போடு என்று அடம்பிடித்தாள். ஜெபா பின்னிக்கொண்டிருக்கும்போது அவன் எதிரில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விரல்கள் தடுமாறின. மூன்று முறை அவிழ்த்துப் பின்னினாள்.

“இன்னா... வயரு டெஸ்ட் பண்ற கையி இப்படி நடுங்குது?”

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கினா நடுங்காது.”

அவன் திரும்பிக்கொண்டான். ஆனால் அவன் காதுமடல் சிவந்ததை அவள் பார்த்துவிட்டாள். அன்று முழுக்க அவளுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் தூறிக்கொண்டே இருந்தது... அண்ணன் போனபின் முதல்முறையாக. அதற்காகத் தன்மேலேயே வெட்கமும் வந்தது.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வாங்க, அம்மாவிடம் அண்ணனைப் பற்றிச் சொல்லுங்க என்று கூப்பிடும்போதெல்லாம் அவன் முகம் மூடிக்கொண்டது. சாதி, மதம், நிலபுலம் எல்லாம் யோசிக்கிறான் போல என்று எண்ணி அவள் தன்மானத்தோடு விட்டுவிட்டாள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அம்மா மாத்திரம் காலையிலேயே அப்பாவுக்குத் தெரியாமல் கல்லறைக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். இங்கேயாவது வாங்க என்று ஜெபா வசந்தகுமாரைக் கூப்பிட்டிருந்தாள். அவன் வந்தான். தூறல் விட்டு விட்டுப் பெய்தது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக மாலையும் பூவுமாக நின்றார்கள். ராபினின் மண்மேட்டுக்குச் சிலுவைகூட மரத்தில்தான். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

“அன்னிக்கு படத்துல பாதில எழுந்து போனேனே, எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்ல” என்றான்.

அவள் தூறலில் அணைந்திருந்த மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தாள்.

“அதுல கோட்ட வாசல்ல ஒரு காவக்காரன் வருவான், பாத்தீங்களா? நெழலு எப்படிப் போச்சின்னு அவனுக்குத் தெரியும். வாயத் தொறக்க மாட்டான். கடைசில தான் சொல்லுவான். சின்ன வயசுல அவன நான் கவனிச்சதே இல்ல. இளவரசிய தான் பாப்பேன். அன்னிக்கு அவன மட்டும் தான் பாத்தேன். உட்கார முடியல.”

ஜெபா அவன் பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள்.

“ராபின் கையில போன் இல்ல. தலையில ஹெல்மெட் இருந்துது. அவன் நிக்க வேண்டிய எடத்துல தான் நின்னான். கிரேன் ஓட்டினது நானு.”

அவள் காதில் தூறல் சத்தம் மாத்திரம் கேட்டது.

அவன் மறைக்காமல் சொன்னான். கிரேனின் பிரேக் பத்து நாளாகவே சரியில்லை. வாயாலும் சொன்னான், ஷிப்டு நோட்டிலும் எழுதினான். இந்த ஆர்டர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அன்று மதியம் கம்பிக் கட்டைத் தூக்கும்போது பிரேக் பிடிக்காமல் சுமை சறுக்கி, பக்கவாட்டில் வீசி, ராபினின் மேல் விழுந்தது. மறுநாள் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார்கள். ஒன்று, ராபின்மேல் தப்பு. இல்லையென்றால் கிரேன் ஓட்டினவன்மேல் தப்பு, ஜெயில். நடுவில் வேறெதுவும் இல்லை என்றார்கள். எழுதி வைத்திருந்த காகிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். நோட்டில் அவன் எழுதிய பக்கம் கிழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். பதினான்கு மாதமாக அந்தப் படம் அவன் போனில்தான் இருக்கிறது.

“பயந்துட்டேன்” என்றான். “வேற காரணம் ஒண்ணும் இல்ல.”

ஜெபா அவனை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. இத்தனை ஞாயிறும் தன்னெதிரில் உட்கார்ந்து டீ குடித்தவன்... ஸ்நேகாவின் பின்னலைப் பார்த்துச் சிரித்தவன்... அவன் சொன்ன ஒவ்வொரு நினைவையும் அவள் பிச்சைபோல் வாங்கித் தின்றிருக்கிறாள்.

“என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?” என்றாள் கடைசியில். “எங்க நைனாகிட்ட வந்து சொல்லுங்க. அவரு மூஞ்சப் பாத்து சொல்லுங்க.”

மறுநாள் மாலை, வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் அங்கே இருந்தான். தரையில் உட்கார்ந்திருந்தான். பாக்கியநாதன் நாற்காலியில். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான் போலிருக்கிறது.

பாக்கியநாதன் நெடுநேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டே இரண்டு கேள்விகள் கேட்டார்.

“பிரேக்கு லைனர் தேஞ்சி இருந்துதா?”

“ஆமா.”

“ஆளு எந்தப் பக்கம் நின்னான்?”

“மஞ்சக் கோட்டுக்கு இந்தாண்ட. நீங்க நிக்க சொல்லிக் குடுத்த எடத்துல. எங்க நைனா சொல்லிக் குடுத்ததுன்னு புதுசா வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவான்.”

கிழவர் நாற்காலியின் கைகளை ஊன்றினார். எழுந்தார். சுவரைப் பிடித்தார். “ராபினு...” என்றார். பதினான்கு மாதத்தில் முதல்முறை. “என் மவன போயி நாயின்னு சொன்னேனே... ஞானம்மா, நம்ம புள்ளைய நான் நாயின்னு சொன்னேனே...”

அம்மா ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு பேருமாகத் தரையில் சரிந்தார்கள். அந்த அழுகையை ஜெபா அதற்குமுன் கேட்டதில்லை. அடக்கி வைத்த இடத்தையெல்லாம் உடைத்துக்கொண்டு வந்த அழுகை.

வசந்தகுமார் எழுந்து வாசலுக்குப் போனான். பாக்கியநாதன் முகத்தைத் தூக்காமலே சொன்னார். “எங்கிட்ட சொன்னத ஆபீசர்கிட்டயும் சொல்லு. அதுக்கப்பறம் இந்த ஊட்டுப் பக்கம் வராத.”

அவன் சொன்னான். ஆலைகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தான், போனில் இருந்த அந்தப் படத்தையும் கொடுத்தான். ஒரு வாரத்தில் ஆலை அவனை வெளியே நிறுத்தியது. பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு அவன்மேலும் வழக்கு வரலாம் என்றார்கள். அவன் ஊரில் சம்பா பயிருக்குக் களை எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று யாரோ சொல்ல ஜெபா கேட்டாள்.

அவனை வெறுக்க அவள் கடுமையாகப் பாடுபட்டாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். நெஞ்சு எரியும். அந்த எரிச்சலோடேயே வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் அண்ணன் படம் இருக்கும். கீழே அப்பா உட்கார்ந்திருப்பார், ராபினைப் பற்றி அம்மாவிடம் ஏதாவது பேசிக்கொண்டு. அதையும் வசந்தகுமார்தானே கொடுத்தான் என்று தோன்றும். அந்த நினைப்பைப் பிடித்துத் தள்ளுவாள். அது மறுநாளும் வரும்.

டிசம்பர் நடுவில் திருவள்ளூரில் விசாரணை வைத்தார்கள். குடும்பத்தின் சார்பில் அப்பாவோடு ஜெபாவும் போனாள். வசந்தகுமாரை இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார்கள். கம்பெனி வக்கீல் அவனைப் பொய்யன் என்றார், வேலை போன ஆத்திரத்தில் உளறுகிறான் என்றார். ஆமா, அன்னிக்கு பொய்யன் தான் சார், என்றான் அவன். இன்னிக்கு சொல்றத எழுதிக்குங்க. சுற்றிச் சுற்றிக் கேட்டும் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. முடிவு தெரிய மாதக்கணக்காகும் என்றார்கள்.

வெளியே மழை. அப்பா அலுவலகத்தின் உள்ளே பெஞ்சிலேயே இருந்தார். எதிரே, கடையொன்றின் தார்ப்பாய்க்கு அடியில் அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். கைகளில் வயல் சேறு காய்ந்த வெடிப்புகள். ஜெபா தெருவைக் கடந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

அவன் தார்ப்பாய்க்குள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தான்.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள். “பதினாலு மாசம் சொல்லாதவரு, எதுக்கு அன்னிக்கு சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

அவன் கையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினான்.

“அதுக்கோசரம் தான்” என்றான். “சொல்லாம இருந்திருந்தா உங்களுக்கு என்ன புடிச்சிப் போயிருக்கும். கட்டிக்கினு கூட இருப்பீங்க. எனக்கு உங்க மேல அவ்ளோ ஆசை. அந்த ஆசையில வாய மூடிக்கினே இருந்துடுவேனோன்னு பயந்தேன். முன்ன ஒரு தபா பயந்து பொய் சொன்னேன். இந்தத் தபா பயந்து நெசத்த சொன்னேன்.”

தார்ப்பாயின் விளிம்பில் நீர் கோடு கோடாக இறங்கியது. அதற்கப்பால் உலகமே கலங்கித் தெரிந்தது. ஜெபாவின் இமைகளிலும் அதே கலங்கல்...

“எங்க நைனா உங்கள ஊட்டுல சேக்க மாட்டாரு” என்றாள். “அம்மா உங்க பேரு சொன்னாலே எழுந்து போயிடும். உங்க ஊட்லயும் என்ன சேப்பாங்களான்னு தெரியாது.”

“தெரியும்.”

“நானும் உங்கள இன்னும் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியாது. காலையில எழுந்தா கோவமா தான் கீது.”

அவன் தலையை ஆட்டினான். போகச் சொல்கிறாள் என்றே நினைத்தான். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“இருங்க... சொல்லி முடிக்கல.”

அவன் நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை மழையிடம் சொல்வதுபோல, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னாள்.

“மொதல்ல அண்ணன நெனச்சிக்கினு தான் உங்கள பாக்க வந்தேன். அண்ணன் ஞாபகம் வந்தா நீங்களும் வருவீங்க. இப்ப அப்படி இல்ல. அண்ணன் ஞாபகமே வராத நேரத்துல கூட நீங்க வர்றீங்க... வேல செய்யும்போது, சும்மா பஸ்ல போகும்போது. தள்ளிப் பாத்தேன், முடியல. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு, வசந்த். கோவத்தோட தான் புடிச்சிருக்கு. இத வச்சிக்கினு இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. ஆனா சொல்லாம வச்சிக்க கூடாதுன்னு தோணிச்சி.”

அவன் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் அவன் கையைத் தொடவில்லை. ஆனால் அங்கிருந்து நகரவும் இல்லை. எதிரே அலுவலகப் படியில் பாக்கியநாதன் குடையை விரித்துக்கொண்டு மகளைத் தேடினார். தார்ப்பாய்க்கு அடியில் அவளைக் கண்டதும், பக்கத்தில் யார் என்றும் கண்டார். அப்படியே நின்றார். ஜெபா ஒதுங்கி மறைந்துகொள்ளவில்லை. அப்பா பார்க்கட்டும் என்று அவன் பக்கத்திலேயே நின்றாள்.